திரைக்கேற்ற பக்கம்
சிறு நிறுவனம் ஒன்று முடித்துக் கொடுத்த பெரிய வேலை

ஒரே செய்தியை ஒருவர் கைப்பேசியில் படிக்கிறார். இன்னொருவர் மேசைக் கணினியில் படிக்கிறார். மூன்றாமவர் சுவரில் மாட்டிய பெரிய திரையில் படிக்கிறார். ஒரு திரை உள்ளங்கை அகலம். மற்றொன்று கதவின் அகலம். ஆனாலும் மூவருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. இடமும் வலமும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டிய தொல்லை இல்லை. இது எப்படி நடக்கிறது என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இணையதளங்கள் தோன்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை இந்த வசதி பரவலாக இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இயங்கிய ஃபிலமென்ட் குரூப் என்னும் சிறு வடிவமைப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர் ஒருவருக்கு முடித்துக் கொடுத்த வேலை இதில் ஒரு திருப்புமுனையாயிற்று. இணையதளம் அமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் உலகெங்கும் உள்ளன. ஒரு வேலையை முடிக்கும், கூலியைப் பெறும், அடுத்த வேலைக்குப் போகும். முடிந்துபோன வேலையை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஆனால் இந்த வேலை அப்படி மறைந்துவிடவில்லை. அதன் கதையையும், அதற்குள் ஒளிந்திருக்கும் எளிய கணக்கையும் காண்போம்.

வேட்டியும் சட்டையும்

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்னும் அணு ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989 மார்ச்சில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை எழுதினார். 1991 ஆகஸ்டில் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. உலகின் முதல் இணையதளத்தில் படமில்லை. வண்ண அலங்காரம் இல்லை. வெறும் எழுத்துகளும், வேறு பக்கங்களுக்குத் தாவும் இணைப்புகளுமே இருந்தன.

அந்தப் பக்கத்துக்கு ஓர் அருமையான குணம் இருந்தது. அகலமான திரையில் வரிகள் நீண்டிருக்கும். குறுகிய திரையில் வரிகள் தாமாகவே மடிந்து கீழே வரும். உடுத்துபவரின் உடலுக்கேற்ப வேட்டி பொருந்திக் கொள்வதைப் போல, அப்பக்கம் எந்தத் திரைக்கும் பொருந்தியது.

1993இல் மொசைக் என்னும் உலாவி வந்தபின், எழுத்துகளுக்கிடையே படங்களும் இடம் பெறத் தொடங்கின. 1994இல் நார்வே நாட்டவரான ஹோகன் வியும் லீ, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கத் தனி விதித்தொகுப்பு வேண்டும் என்று முன்மொழிந்தார். அதுவே சி.எஸ்.எஸ். எனப்படும் நடைத்தாள் மொழியாக வளர்ந்து, 1996 டிசம்பரில் ஏற்கப்பட்டது.

அழகு கூடியது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. அச்சுத் தாளில் பழகிய வடிவமைப்பாளர்கள், திரையையும் ஒரு தாளாகவே எண்ணினார்கள். பக்கத்துக்கு ஒரே அகலத்தை முடிவு செய்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கினார்கள். வேட்டி போய், ஒரே அளவில் தைத்த சட்டை வந்துவிட்டது!

அப்படித் தைத்த சட்டையின் அளவுகளில் புகழ் பெற்றது 960. திரையில் ஒளிரும் சிறு புள்ளி ஒவ்வொன்றையும் பிக்சல் என்கிறோம். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் 1024 பிக்சல் அகலமுள்ள கணினித் திரைகள் பெருகியிருந்தன. அதற்குள் அடங்கும் 960 பிக்சலைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் 950 இல்லை, 970 இல்லை? 960ஐ 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 16 என எத்தனையோ எண்களால் மீதியின்றி வகுக்கலாம். அதற்கு 28 வகுத்திகள் உண்டு. ஆகவே பக்கத்தை இரண்டு பத்தி, மூன்று பத்தி, பன்னிரண்டு பத்தி என எப்படிப் பிரித்தாலும் பின்னம் வராது. வகுத்திகளைப் பற்றிப் பள்ளியில் படித்த பாடம் எங்கெல்லாம் உதவுகிறது, பார்த்தீர்களா?

உள்ளங்கைக்கு வந்த பக்கம்

2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தது. அதன் திரை 320 பிக்சல் அகலமே கொண்டது. 960 பிக்சல் பக்கத்தை அதில் எப்படிக் காட்டுவது? ஐபோனின் உலாவி ஒரு தந்திரம் செய்தது. திரை 980 பிக்சல் அகலம் உள்ளதாகப் பாவித்துப் பக்கத்தை அடுக்கி, பின் அதை அப்படியே சுருக்கிக் காட்டியது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 320ஐ 980ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 16 பிக்சல் உயரமுள்ள எழுத்து, சுருங்கியபின் 5 பிக்சலுக்குச் சற்றே மிகும். எறும்பு ஊர்வதைப் போல் எழுத்துகள் தெரியும். விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால், வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

சிலர் கைப்பேசிக்கென்று தனியாக இன்னொரு இணையதளம் அமைத்தார்கள். அதில் பெரும்பாலும் பாதிச் செய்திகளே இருக்கும். மேலும், 2010இல் ஐபேட் வந்தது. அதன் அகலம் 768 பிக்சல். அதற்கு மூன்றாவது தளமா? நாளை வேறொரு கருவி வந்தால் நான்காவது தளமா? ஒவ்வொரு திரைக்கும் ஒரு தளம் என்று போனால் முடிவேது?

ஒரு வகுத்தல் கணக்கு

இந்தக் கேள்விக்கு விடையாக, 2010 மே மாதத்தில் ஈதன் மார்காட் என்னும் வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். இணைய வடிவமைப்பாளர்கள் படிக்கும் 'எ லிஸ்ட் அபார்ட்' என்னும் இதழில் அது வெளியாயிற்று. உள்ளே இருக்கும் மனிதர்களுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் சுவர்களையும் அறைகளையும் பற்றிக் கட்டடக் கலைஞர்கள் அப்போது ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அந்தத் துறையிலிருந்து சொல்லைக் கடன் வாங்கி, தம் முறைக்கு அவர் பெயரிட்டார். 'திரைக்கேற்ற வடிவமைப்பு' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அம்முறைக்கு மூன்று கால்கள்.

முதலாவது, நெகிழும் கட்டம். அகலத்தைப் பிக்சலில் சொல்லாமல் விழுக்காட்டில் சொல்ல வேண்டும். அதற்கான சூத்திரம் மிக எளிது. ஒரு பொருளின் அகலத்தை, அதைச் சூழ்ந்திருக்கும் பெட்டியின் அகலத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்!

960 பிக்சல் பக்கத்தில் செய்திப் பத்தி 720 பிக்சல், ஓரப் பத்தி 240 பிக்சல் எனக் கொள்வோம். 720 ÷ 960 = 75 விழுக்காடு. 240 ÷ 960 = 25 விழுக்காடு. இப்போது திரை 1440 பிக்சலாக இருந்தால் பத்திகள் 1080, 360 என விரியும். திரை 800 ஆனால் 600, 200 எனச் சுருங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செய்திப் பத்திக்குள் 360 பிக்சல் அகலத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் விழுக்காடு என்ன? 360ஐ 960ஆல் வகுத்து 37.5 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. அப்பெட்டியைச் சூழ்ந்திருப்பது முழுப் பக்கமன்று. 720 பிக்சல் பத்திதான். ஆகவே 360 ÷ 720 = 50 விழுக்காடு. எதன் பங்கு என்று தெரியாமல் விழுக்காடு சொல்வதில் பொருளில்லை என்பதை இது நன்கு காட்டுகிறது.

இரண்டாவது, நெகிழும் படம். எந்தப் படமும் தான் இருக்கும் பத்தியின் அகலத்தை மீறக் கூடாது என்று ஒரே ஒரு விதி. பத்தி சுருங்கினால் படமும் சுருங்கும்.

மூன்றாவது, திரையிடம் கேள்வி கேட்பது. ஏன் இது தேவை? 320 பிக்சல் கைப்பேசிக்கு நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செய்திப் பத்திக்கு 240 பிக்சல். ஓரப் பத்திக்கு 80 பிக்சல். எண்பது பிக்சலில் வரிக்கு ஒரு சொல் அமைவதே கடினம். கணக்கு சரி, ஆனால் பயனில்லை. ஆகவே நடைத்தாளில் ஒரு நிபந்தனை எழுதுகிறோம்: 'திரையின் அகலம் 600 பிக்சலுக்கு மேல் இருந்தால் பத்திகளைப் பக்கத்தில் பக்கமாக வை, இல்லையேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வை.' உலாவி திரையை அளந்து பார்த்து அதன்படி அடுக்குகிறது.

வாடிக்கையாளர் வந்தார்

கட்டுரை எழுதுவது ஒன்று. ஒரு பெரிய நாளிதழை அதை நம்பி இறக்குவது வேறு. பலருக்கும் அப்போது ஐயம் இருந்தது. சிறிய தளத்துக்கு இது சரி. நாள்தோறும் ஏராளமான செய்திகள் ஏறும் நாளிதழுக்கு இது நடக்குமா?

பாஸ்டன் குளோப் 1872இல் தொடங்கிய நாளிதழ். சந்தா கட்டிப் படிக்கும் புதிய இணையதளம் ஒன்றைத் தொடங்க அது முடிவு செய்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் செயலி செய்யாமல், எல்லாத் திரைக்கும் ஒரே தளம் என்னும் பாதையைத் தேர்ந்தது. ஃபிலமென்ட் குரூப், அப்ஸ்டேட்மென்ட் என்னும் இரு சிறு நிறுவனங்களும், ஈதன் மார்காட்டும், இதழின் சொந்தப் பணியாளர்களும் சேர்ந்து உழைத்தார்கள். 2011 செப்டம்பரில் தளம் வெளிவந்தது. திரைக்கேற்ற வடிவமைப்பில் எழுந்த முதல் பெரிய செய்தித் தளம் என்று அது பேசப்பட்டது.

ஃபிலமென்ட் குழுவினரிடம் ஒரு கொள்கை இருந்தது. படிப்படியாக மெருகேற்றுதல் என்று அதைச் சொல்லலாம். 2003இல் ஸ்டீவன் சாம்பியன் என்பவர் அக்கொள்கைக்குப் பெயர் சூட்டினார். சாப்பாட்டை நினைத்துக் கொள்ளுங்கள். சோறும் குழம்பும் அனைவருக்கும் உண்டு. பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் அதன்மேல். பாயசம் இல்லை என்பதற்காக யாரும் பட்டினியாக எழுந்து போவதில்லை. அதுபோலச் செய்தியின் எழுத்து எந்தக் கருவியிலும் வந்து சேர வேண்டும். அழகும் அசைவும் முடிந்த கருவிகளுக்கு மட்டும் போகட்டும்.

இதற்கு ஒரு சுவையான சான்று கிடைத்தது. ஆப்பிள் நிறுவனம் 1993 முதல் 1998 வரை விற்ற நியூட்டன் என்னும் பழைய கையடக்கக் கருவியில் ஒருவர் இத்தளத்தைத் திறந்து பார்த்தார். கறுப்பு வெள்ளைத் திரையில் அன்றைய செய்தி படிக்கும்படியாகத் தெரிந்தது! தளத்தை அமைத்தவர்கள் அக்கருவியை மனத்தில் வைத்து எதையும் செய்யவில்லை. அடித்தளம் எளிமையாக இருந்ததால் அது தானே இயங்கியது.

இது வெறும் விளையாட்டன்று. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவுக் கோட்டருகே குண்டுகள் வெடித்தன. மூவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். குளோப் தன் சந்தாக் கதவைத் திறந்து, செய்திகளை எவரும் படிக்கும்படி விட்டது. அந்நிகழ்ச்சி பற்றிய செய்திப் பணிக்காக 2014இல் அவ்விதழுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அத்தகைய நாளில் தெருவில் தவிப்போடு நிற்பவர் கையில் இருப்பது மேசைக் கணினியா? கைப்பேசிதானே! பாதிச் செய்தி தரும் தனித் தளம் அங்கே எப்படிப் போதும்?

படங்கள் தந்த தலைவலி

எழுத்துகள் அடங்கிவிட்டன. படங்கள் அடங்கவில்லை. நெகிழும் படம் திரையில் சுருங்கித் தெரியும்; ஆனால் கம்பியிலும் காற்றிலும் வந்து சேர்வது பெரிய படமே.

1600 × 1200 பிக்சல் படத்தில் 19,20,000 புள்ளிகள் உள்ளன. 320 × 240 படத்தில் 76,800 புள்ளிகளே. அகலம் ஐந்தில் ஒரு பங்கானால் பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது. பெரிய படம் 500 கிலோபைட், சிறிய படம் 20 கிலோபைட் என்று வைத்துக் கொள்வோம். நொடிக்கு 50 கிலோபிட் வேகமுள்ள மெதுவான இணைப்பில் பெரிய படம் வர 80 நொடி ஆகும். சிறிய படம் 3.2 நொடியில் வந்துவிடும். (ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதை மறவாதீர்கள்.) சிறிய திரைக்காரர் 80 நொடி காத்திருந்து, அதற்குப் பணமும் கொடுத்து, கடைசியில் சிறிய படத்தைத்தான் காண்கிறார். இது என்ன நியாயம்?

குழுவினர் ஒரு வழி கண்டார்கள். பக்கத்தில் முதலில் சிறிய படத்தின் முகவரியே இருக்கும். ஒரு சிறு நிரல் திரையை அளந்து பார்த்து, திரை பெரிதாக இருந்தால் முகவரியைப் பெரிய படத்துக்கு மாற்றிவிடும். வேலை ஓடியது.

ஆனால் சில உலாவிகள் அவசரக்காரர்களாக மாறின. பக்கம் விரைவில் தோன்ற வேண்டும் என்பதற்காக, நிரல் இயங்குமுன்பே முன்னோட்டமாகப் பார்த்து, கண்ணில் பட்ட படங்களையெல்லாம் வரவழைக்கத் தொடங்கின. நீங்கள் வாயைத் திறக்குமுன் 'ஒரு தோசை' என்று சமையலறைக்குக் குரல் கொடுத்துவிடும் உணவு விடுதிப் பணியாளரை நினைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் இட்டலி கேட்டால், தோசையும் வரும், இட்டலியும் வரும்! அப்படியே பெரிய திரைக்குச் சிறிய படமும் வந்தது, பெரிய படமும் வந்தது. சேமிக்கப் போய் வீண் செலவாயிற்று.

அக்குழுவில் பணியாற்றிய மேட் மார்க்விஸ் 2012 ஜனவரியில் இதை வெளிப்படையாக எழுதினார். நிரல் தந்திரத்தால் இது தீராது. உலாவி புரிந்துகொள்ளும் மொழியிலேயே படங்களுக்குப் புதிய வசதி வேண்டும் என்றார். அதே ஆண்டில் இதற்கென ஒரு பொதுக்குழு உருவாயிற்று. உலாவிகளைச் செய்யும் பெரிய நிறுவனங்களோடு நீண்ட விவாதம் நடந்தது. யோவ் வைஸ் என்னும் பொறியாளர் இவ்வசதியைக் குரோம் உலாவியின் இயந்திரத்தில் சேர்க்க முன்வந்தார். அவர் வேலைக்கான நிதியை இணைய வடிவமைப்பாளர்களே சிறுகச் சிறுகத் திரட்டித் தந்தார்கள்.

2014 அக்டோபரில் குரோம் உலாவியின் 38ஆம் பதிப்பில் 'பிக்சர்' என்னும் புதிய உறுப்பு இடம் பெற்றது. 2015இல் ஃபயர்ஃபாக்சிலும், 2016இல் சஃபாரியிலும் வந்தது. இப்போது ஒரே படத்தின் பல அளவுகளைப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். உலாவி தன் திரைக்குத் தக்க ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்ளும். ஒரு நாளிதழுக்கு வேலை செய்யும்போது எழுந்த தொல்லை, உலகம் முழுவதற்குமான ஒரு வசதியாக முடிந்தது.

விண்வெளியில் கிடைத்த பெயர்

வாடிக்கையாளர் வேலையிலிருந்து பொதுச் சொத்து பிறந்ததற்கு இது ஒன்றே சான்றன்று. 1999இல் சிகாகோவில் 37சிக்னல்ஸ் என்னும் சிறு வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. வேற்றுலக உயிர்களைத் தேடிய ஹார்வர்ட் இயற்பியலாளர் பால் ஹோரோவிட்சின் ஆய்வில், விளக்கம் கிடைக்காத 37 வானொலிக் குறிப்புகள் எஞ்சின. அதிலிருந்தே இப்பெயர்!

வாடிக்கையாளர்களின் வேலைகளைச் சிக்கலின்றி நடத்த, தங்களுக்கென்று ஒரு கருவியை அவர்கள் செய்து கொண்டார்கள். 2004இல் அது பேஸ்கேம்ப் என்னும் பெயரில் வெளிவந்தது. அதை எழுதிய டென்மார்க் நாட்டு இளைஞர் டேவிட் ஹைன்மயர் ஹான்சன், அதன் அடிச்சட்டத்தைத் தனியே பிரித்து, ரூபி ஆன் ரெயில்ஸ் என்று அதே ஆண்டில் எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார். நிரலாளர்கள் இன்று பயன்படுத்தும் கிட்ஹப் தளம் அச்சட்டத்தின்மேல் எழுந்ததே.

பாஸ்டன் குளோப்பின் 2011ஆம் ஆண்டுத் தோற்றம் இன்று இல்லை. தளம் பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. கட்டடம் மறைந்தாலும், அதைக் கட்டும்போது கண்ட நுட்பம் நிலைத்துவிட்டது. தொல்லை வந்தபோது அதை மறைக்காமல் ஊரறியச் சொல்லி, பலர் கூடித் தீர்த்ததே அதற்குக் காரணம். அறிவியலும் அப்படித்தானே வளர்கிறது!

நீங்களும் செய்து பாருங்கள்

பள்ளிக் கணினியில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, உலாவிச் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்லக் குறுக்குங்கள். பத்திகள் சிறிது நேரம் சுருங்கும்; பின் ஒரு கட்டத்தில் திடீரெனத் தாவி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். சுருங்குவது விழுக்காட்டின் வேலை. தாவுவது நிபந்தனையின் வேலை. எத்தனை முறை தாவுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பின்வரும் கணக்குகளையும் போடுங்கள்.

1. 1200 பிக்சல் பக்கத்தில் 900 பிக்சல் பத்தி. அதற்குள் 675 பிக்சல் படம். படத்தின் விழுக்காடு என்ன? 400 பிக்சல் கைப்பேசியில் பத்தி முழு அகலமும் பரவினால் படத்தின் அகலம் என்ன?

2. 1200 × 900 படத்துக்குப் பதில் 400 × 300 படம் அனுப்பினால் புள்ளிகள் எத்தனை மடங்கு குறையும்?

3. 960இன் 28 வகுத்திகளையும் எழுதுக.

விடைகள்: 1. 75 விழுக்காடு, 300 பிக்சல். 2. ஒன்பதில் ஒரு பங்காகும். மூன்றாவதை நாங்கள் சொல்லப் போவதில்லை, நீங்களே கண்டுபிடியுங்கள்!